முருகையா தட்டிப் பார்த்த ஹெல்மெட்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலியில் நான் உட்காரவில்லை, சார்ஜன் தம்பி. பின்னங்காலில் பற்றவைத்த இடம் வெளுத்திருக்கிறது. இன்னும் ஒரு கனத்த ஆள் உட்கார்ந்தால் விட்டுவிடும். நின்றுகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். பேனா எழுதுகிறதா என்று முதலில் ஓரமாகக் கிறுக்கிப் பாருங்கள்.

என் பெயர் ஆறுமுகம். புக்கிட் பெலண்டோக்கில், செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய ஹெல்மெட் விற்கிறவன். சாதாரண ஹெல்மெட் இல்லை. போர் விமானம் ஓட்டுகிறவர்கள் போட்டுக் கழித்தது. பகாவ் டவுனில் பழைய சாமான்காரர் ஒருவர் மூட்டையாகத் தருவார். முகத்துக்கு முன்னால் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கண்ணாடி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனால் நம் பையன்களுக்கு வானத்தில் பறக்கிற நினைப்பு. சாலைக்கு அது ஆகாது என்பீர்கள். அதற்கு வேறொரு நாள் வருகிறேன். இன்றைக்கு வந்தது முருகையா விஷயமாக.

லாரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலையில் மோட்டார் ஏறியது, ஆள் விழுந்தார், மண்டையில் அடி, விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்களாம். அவ்வளவும் உண்மைதான். ஆனால் பாதிதான்.

அரசாங்கம் நல்ல பொருளைத் தூக்கிப் போடாது. கழித்துவிட்டது என்றால் எங்கேயோ கோளாறு இருக்கிறது. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். மேல் பூச்சைப் பார்க்கவே மாட்டேன், பூச்சு பொய் சொல்வதற்கென்றே இருப்பது. உள்ளே இருக்கிற நுரையைக் கழற்றி அமுக்குவேன். ஒரு தடவை அடி வாங்கிய நுரை அமுங்கினது அமுங்கினதுதான், எழும்பாது. தாடைப் பட்டையை மோந்து பார்ப்பேன். வியர்வை ஊறிப்போன தையல் புளித்த வாடை அடிக்கும், இழுத்தால் நூல் கையோடு வரும். கடைசியாக ஓட்டின் உள்பக்கம் விபூதியைத் தேய்த்துத் துணியால் துடைப்பேன். வெடிப்பு இருந்தால் சாம்பல் அதற்குள் போய் நின்றுகொள்ளும். நரைமுடி ஒட்டினது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானாகக் கண்டுபிடித்தது.

முருகையாவுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. தோட்டத்தில் மண்டோராக இருந்து பத்துப் பேரை ஏவிப் பழகியவர். எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். டுரியான் பழம், தண்ணீர்த் தொட்டி, மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டுச் சுவர், எல்லாம் தட்டுத்தான். தினமும் என் கொட்டகையில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் ஆகாது என்று ஒதுக்கியதை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுவார்.

"நல்ல சாமான்லா, எடுத்துக்கடா. ஆறுமுகம் பேச்சக் கேக்காத. அவன் பெத்த ஆத்தாகிட்டயே அடையாளக் கார்டு கேட்ட ஆளு."

பையன்கள் சிரிப்பார்கள். அவர் சொன்னதைத்தான் எடுப்பார்கள். அவருக்குக் குரல் பெரிது, மீசை பெரிது. நான் சொன்னது சரியா என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

போன மாதம் வந்த மூட்டையில் ஒரு பச்சை ஹெல்மெட் இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. விபூதி போட்டேன். நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் கோடு. இரண்டு கையாலும் பக்கவாட்டில் அமுக்கினேன், முனகியது. அப்படிப்பட்டதைச் சுத்தியலால் உடைத்துப் போடுவதுதான் என் வழக்கம். நான் நாணயமான வியாபாரி. அன்றைக்கு உடைக்கவில்லை.

நுரையை ஓரம் விடாமல் பசை பூசி ஒட்டினேன். அப்படி ஒட்டினால் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும். வெளியே நெற்றியில் வெடிப்பு லேசாகத் தெரிந்தது. அதன்மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். புது மோட்டாருக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம், ஹெல்மெட்டுக்குப் பொட்டு வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள். மழைக்குத் தாங்கட்டும் என்று சந்தனத்திலும் கொஞ்சம் பசை கலந்தேன். நம் ஆட்களில் எவனும் சாமி பொட்டைச் சுரண்டிப் பார்க்க மாட்டான். மனிதர்கள் மேல் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

முருகையா வந்தார். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுற்றிச் சுற்றித் தட்டினார், பொட்டு இருந்த இடத்தைத் தவிர.

"யோவ், இதுல என்னய்யா கோளாறு கண்டுபிடிச்ச?"

"நீங்களே சொல்லுங்க மண்டோரே."

"ஒன்னும் கெடையாது. கல்லு மாதிரி இருக்கு."

"நல்லாத் தட்டிப் பாத்தீங்களா?"

"என் வெரலுக்கே பாடமா? இத நானே போட்டுக்கிறேன் பாரு."

அங்கேயே சொல்லியிருக்கலாம். பொட்டைச் சுரண்டிக் காட்டி அவர் முகத்தைப் பார்ப்பதுதான் என் திட்டம். ஆனால் அன்றைக்குப் பையன்கள் ஒருவர்கூட இல்லை. பார்க்க ஆளில்லாமல் ஜெயித்து என்ன பயன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பையன்கள் இருந்தார்கள். அவர் மோட்டாரை நிறுத்தவே இல்லை. என்னைப் பார்த்துத் தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். பையன்கள் சிரித்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. சுரண்டிக் காட்டினால் போதாது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஹெல்மெட்டே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

இடையில் அவர் மனைவி, பஞ்சாலை என்று பெயர், கொட்டகைக்கு வந்து, "அண்ணே, வேகமாப் போறாரு. அந்தத் தொப்பி நல்லதுதானே?" என்று கேட்டாள். "அவரே தட்டிப் பாத்து எடுத்ததும்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

அவர் விழுந்தது என் கொட்டகைக்குக் கீழே இறக்கத்தில். முதலில் ஓடியது நான்தான். பையன்கள் அவரைத் தூக்கினார்கள், நான் ஹெல்மெட்டைத் தூக்கினேன். நெற்றியிலிருந்து உச்சி வரை பிளந்திருந்தது. விபூதி காட்டிய கோட்டை விட்டு இம்மி விலகவில்லை.

பழம் வாங்கிக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, இடது கை எழவில்லை. 'நீ சொல்வதுதான் சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"நல்ல... சாமான்லா, ஆறுமுகம்," என்றார். "அது இல்லன்னா... போயிருப்பேன்."

பஞ்சாலை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிளந்த ஹெல்மெட்டைச் சாமி மேடையில் வைத்துப் பூப் போடுகிறாளாம். சாட்சிக்கு வேண்டுமானால் அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வெடிப்பு எனக்கு முதலிலேயே தெரியும். மறைத்தது நான். விழுந்தால் தலையோடு பிளக்கும் என்று தெரிந்துதான் போட விட்டேன். முருகையா தட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

கையெழுத்து வராது, கைநாட்டு வைக்கிறேன். என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வையுங்கள். அதற்கு முன்னால் இதை ஆஸ்பத்திரியில் அவருக்குப் படித்துக் காட்டிவிடுங்கள், பையன்கள் பார்க்க வருகிற நேரமாகப் பார்த்து. இடது காது அவருக்குப் போய்விட்டது. வலது பக்கம் நின்று, சத்தமாகப் படியுங்கள்.