படகுக்குள் தண்ணீர் ஊற்றியது யார் என்பது பற்றி

எனக்கு வயது பதினேழு என்பதால் என் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி வாங்கப்பட்டுள்ளன. வகுப்பில் என்னை உளி என்று கூப்பிடுவார்கள். வாய் கூர் என்பதால் வந்த பெயர், எனக்கு அதில் வருத்தம் இல்லை. இந்தப் பள்ளியின் கடைசி வகுப்பில் படகு கட்டுதலைத் தொழிற்பாடமாக எடுத்துப் படிக்கிறேன். தொழில் என்ன என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த என் அம்மா, "மாணவின்னு போடுங்க சார், அது போதும்" என்றார். அம்மா பஸ் கண்டக்டர். சொந்தக்காரர்களிடம் நான் கம்ப்யூட்டர் படிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். இந்த வாக்குமூலம் பள்ளியின் தையல் அறையில் அம்மா முன்னிலையில் பதிவாகிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டினாலும் நான் பயப்படுகிற ஆள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

வகுப்பில் நாங்கள் ஏழு பேர். வருடம் முழுக்க ஒரே படகைத்தான் கட்டினோம். அடிக்கட்டையை நிறுத்தி, விலாக்கட்டைகளைப் பொருத்தி, அதன் பிறகு பலகைகளை ஆவியில் வேகவைத்து, கை சுடச் சுடத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆறுவதற்குள் வளைத்துப் பிடித்து, அதன் பிறகு பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து இறுக்கினோம். வலது பக்கப் பலகைகளை வளைத்தது நான். தடவிப் பார்த்தால் ஒரு இடத்தில்கூடக் கை தட்டாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இன்று மதியம் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து, பள்ளிக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் படகை இறக்கச் சொல்வார். எட்டுப் பேர் உட்கார வேண்டும், படகு தாங்க வேண்டும். தாங்காவிட்டால் இந்தப் பாடத்தையே எடுத்துவிட்டு, பட்டறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைப்பது என்று பள்ளிக் குழு முடிவு செய்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் இந்தப் பாடத்துக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் இன்றைய முடிவுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

வெயில் காலம் முழுக்கப் பட்டறையில் நின்றதால் படகு காய்ந்து, பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. மரம் காய்ந்தால் சுருங்கும். நனைந்தால் ஊறிப் பருத்து இடுக்கைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் மரப்படகை இறக்கும் முன் ஊறப்போட வேண்டும். நேற்று மாலை எங்கள் வாத்தியார், மனைவிக்குப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்திலும் பட்டறை வாசலில் நின்று, "ஊறப்போட்டுடுங்க, நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். அதன் பிறகு நான் வாட்ச்மேனிடம் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு படகின் வயிறு விரியாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, உள்ளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, வெளியே ஈரச் சாக்குகளைப் போர்த்தினோம். அதன் பிறகு, யாரும் தண்ணீரைத் திறந்துவிடாமல் இருக்க, "படகு ஊறுகிறது, தொடாதீர்கள்" என்று தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன். படகு ஒழுகும் என்று தெரிந்தும், ஒழுகுகிற இடத்திலேயே எழுதிவிட்டுப் போன புத்திசாலிகள் நாங்கள் ஏழு பேர்தான் இருப்போம்.

இன்று காலை தலைமை ஆசிரியை பட்டறையைத் திறந்தபோது எழுத்து மொத்தமும் கரைந்து போயிருந்தது. தரை முழுக்கத் தண்ணீர், படகுக்குள்ளும் தண்ணீர். தேர்வு அன்று யாரோ வேண்டுமென்றே படகைப் பாழாக்கிவிட்டார்கள் என்று பதறி, அடைப்பைத் திறந்து தண்ணீரை வடித்து, விளையாட்டு மாஸ்டரையும் பெரிய பிள்ளைகளையும் வைத்துப் படகைத் தூக்கி முற்றத்தில் நல்ல வெயிலில் காயப்போட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நனைந்ததைக் காயப்போடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் படகைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது.

அதன் பிறகு போலீசுக்குச் சொல்லியிருக்கிறார். படகுக்குள் கிடந்தது வாட்ச்மேனின் குழாய். சாவியும் அவரிடம்தான். போதாக்குறைக்கு, மரத்தூள் பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிகிறது என்று, "இந்தப் படகை ஒருநாள் அடுப்புல வைக்கலைன்னா பாருங்க" என்று போன வாரம்தான் எல்லார் முன்னாலும் கத்தியிருந்தார். எங்களைக் கரித்துக் கொட்டாமல் அவருக்குப் பொழுதே விடியாது.

நான் பள்ளிக்கு வந்தபோது அவர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். என்ன மாமா என்று ஓடினேன். அவர் குரலைத் தணித்து, "குழாயை யார் வாங்கினாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன். என்ன விளையாட்டு விளையாடினீங்களோ, போய்ப் பரீட்சையைப் பாரு போ" என்றார். நாங்கள் விஷமம் செய்துவிட்டோம் என்றே நினைத்திருக்கிறார், நினைத்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அதன் பிறகு அம்மாவுக்குப் போன் செய்து வரவழைத்து, இந்த அறைக்கு நானாகவே வந்தேன். தண்ணீர் ஊற்றியது நாங்கள் ஏழு பேர். வாட்ச்மேனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, "அந்தாளைக் காப்பாத்தக் கதை விடுறியாம்மா? ஓட்டையை அடைக்கத் தண்ணி ஊத்துவாங்களா?" என்று கேட்டார். நான், "இறக்கிப் பாருங்க சார், முதல்ல நான் ஏறுறேன்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

இந்த இடத்தில் வாக்குமூலம் நிறுத்தப்பட்டு, கால்வாய்க்கரைக்குப் போய்வந்த பிறகு தொடர்கிறது.

தேர்வாளர் வந்துவிட்டிருந்தார். படகை இறக்கி, கரையில் கயிறு கட்டி, நாங்கள் ஏழு பேரும் ஏறினோம். எட்டாவதாக உட்கார வேண்டிய வாத்தியார் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், போனும் எடுக்கவில்லை. நான் வாட்ச்மேனைக் கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா அவரை ஜீப்பிலிருந்து இறக்கி அனுப்பினார். ஏறியதும் எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டது, கணுக்கால் வரை வந்தது. கரையில் ஒரு கான்ஸ்டபிள் "முழுகுது, முழுகுது" என்று கூவினார். வாட்ச்மேன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அடிப்பாவி, ஜீப்புலயே நிம்மதியா இருந்தேனே" என்றார். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினோம். ராத்திரி முழுக்க ஊறிய மரம் வெயிலில் மேலாகத்தான் காய்ந்திருந்தது, மறுபடி பருக்க அதிக நேரம் ஆகாது என்று எங்களுக்குத் தெரியும். தேர்வாளர் ஒரு டீ குடித்து முடித்து இன்னொன்று கேட்கிற நேரம் போயிருக்கும். முதலில் டப்பா நிறைந்து வந்தது, அதன் பிறகு பாதி வந்தது, அதன் பிறகு தண்ணீர் அகப்படாமல் மரத்தை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதன் பிறகு கயிற்றை அவிழ்த்து எதிர்க்கரை வரை துடுப்புப் போட்டுத் திரும்பினோம். தேர்வாளர் குனிந்து வலது பக்கத்தை நுனி முதல் நுனி வரை தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வளைச்சது யாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா, "எம்பொண்ணுதாங்க" என்றார். படகு தேறியது என்று தேர்வாளர் தலைமை ஆசிரியையிடம் அங்கேயே சொன்னார். அடுத்த வருடமும் பாடம் இருக்கிறது என்று அவரும் எங்களிடம் அங்கேயே சொல்லிவிட்டார். வாட்ச்மேனைப் போகச் சொன்னார்கள். அவர் நேராகப் பட்டறைக்குப் போய், தரையைப் பார்த்து எங்களைத் திட்ட ஆரம்பித்தார்.

எழுதியதை எழுத்து விடாமல் எனக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினார்கள். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, எதையும் கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நான் பேனாவை வாங்கியபோது அம்மா, "சார், தொழில்னு ஒரு இடம் இருந்துச்சே, அதை அடிச்சிட்டுப் படகு கட்டுறவள்னு போடுங்க" என்றார். இன்ஸ்பெக்டர் ஐயா, "படிக்கிற பிள்ளைதானேம்மா" என்றார். "போடுங்க சார். சொந்தக்காரங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார் அம்மா. அதன்படி தொழில் என்ற இடத்தில் 'மாணவி' என்ற சொல் அடிக்கப்பட்டு 'படகு கட்டுபவர்' என்று திருத்தப்பட்டுள்ளது. திருத்திய இடத்தில் என் கையெழுத்தும், கேட்காமலே அம்மா போட்ட கையெழுத்தும் இருக்கின்றன.