விடியவே வந்த விருந்தாளி

கிறிஸ்மஸ் கழிந்த மூன்றாம் நாள். வால்தம்ஸ்டோ போகும் பஸ்ஸின் மேல்தட்டில், எனக்குப் பின்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

“மத்தியானம் சாப்பிட வரச்சொன்ன மனிசன் விடிய ஆறு மணிக்கே வந்து ஹோல் வாசல்லை நிக்கிறார்” என்றாள் மூத்தவள்.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“ஆரக்கா?”

“எங்கட கிளப், தனிய இருக்கிற ஆக்களுக்குக் கிறிஸ்மஸ் சாப்பாடு குடுக்கிறதெல்லே. அதுக்கு நாங்கள் கூப்பிட்ட ஆள். ஊரிலயிருந்து வந்து மூண்டு மாசம்தான்.”

“கிறிஸ்மஸ் அண்டைக்குப் பஸ்ஸும் ஓடாதே?”

“எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு தெரியாமல் இருட்டோட வெளிக்கிட்டு, பிளேஸ்டோவிலயிருந்து நடந்து வந்திருக்கிறார். உதவிக்கு வந்தவரெண்டு நினைச்சு நான் உருளைக்கிழங்குச் சாக்கைக் கையிலை குடுத்திட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை. தோல் சீவினார், மேசை போட்டார், எல்லாருக்கும் பரிமாறினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தன்ர இறைச்சிக்கு இவர்தான் கிறேவி ஊத்த வேணுமெண்டு நிண்டார். கடைசியிலை ஒரு கதிரை மட்டும் வெறுமையாக் கிடந்தது. அதிலை எழுதியிருந்த பேரைக் கூப்பிட்டால், கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவர் ‘ஓம்’ எண்டு திரும்பிறார்.”

“ஐயோ! முதலே சொல்லியிருக்கலாமே?”

“நானும் கேட்டனான். ‘இஞ்ச வந்து முதல்முதலா ஒராள் என்னை நம்பி வேலை தந்தது நீங்கள்தானக்கா. விட மனம் வரேல்லை’ எண்டார்.”



“பிறகு சாப்பிட்டவரோ?”

“சாப்பிட்டவர். நாங்கள் எல்லாரும் ஏப்ரனோட அவரைச் சுத்தி இருந்து சாப்பிட்டம். வாற வருஷம் ஹோல் பூட்டின்ர திறப்பு அவரின்ர கையிலைதான். எங்களிலை ஒருத்தரும் அவருக்கு முந்தி வரப்போறேல்லை.”