இரண்டு மணிச் சங்கும் என் வீர மரணமும்

பெருந்துயரத்தோடு ஒரு செய்தியை அறிவிக்கிறேன். நம் குடியிருப்பின் ஒரே ரப்பர் பந்து, நேற்று மாலை பக்கத்து ஊர் சேக்காட்டு அணியோடு ஆடுகையில் கிணற்றில் விழுந்து காலமானது. அடித்தவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறான்.

நாற்காலிக்கே நிமிர்வு தரும் தலைவர் குணசேகரன் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முறைக்கும் மூத்தோர்களே! முறுக்கும் முகமலர்ச்சியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! அவர்களுள் ஒருவராக, 'ஒழுங்கா பேசுடா டேவிட்டு' என்று கண்ணாலேயே மிரட்டும் என் அம்மா சகாயம்மாள் அவர்களே! வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, கதையிலும் வரலாற்றிலும் மரணம். சாவில்லாத காவியம் உண்டா? சாகாத மன்னன் உண்டா? வரலாற்றுப் புத்தகத்தில் அவர்கள் ஒருமுறைதான் சாகிறார்கள். அதைப் படிக்கும் நாமோ காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று முறை சாகிறோம்!

ஏன் கதை சாவைத் தேடுகிறது? போரில் விழுந்தவனுக்கு நம் முன்னோர் நடுகல் நட்டார்களே, விழுந்ததற்காகவா? இல்லை! விழுவோம் என்று தெரிந்தும் நின்றானே, அதற்காக! நின்றவனுக்கே கல்! நின்றவனுக்கே சொல்! நின்றவனுக்கே கதை!

அப்படி நின்றவன் நான். இந்த ஆண்டு நாடகத்தில் மன்னன் யார், நானா என் நண்பன் பாஸ்கலா என்று தலைவர் இன்று அறிவிக்கப்போகிறார். அதற்கு முன் என் தகுதியைக் கேளுங்கள். சென்ற பொங்கலுக்கு, இதே மேடையில், மார்பில் அம்பு வாங்கி மாண்டேன். தத்ரூபமாக இருக்கட்டும் என்று கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பாடையில் கிடத்தினார்கள். மூக்கில் எறும்பு ஊர்ந்தது. அசைந்தேனா? அசையவில்லை!

என்ன பாஸ்கல்? "அப்பாலிக்கா இன்னா ஆச்சுன்னு சொல்லு மாமே" என்கிறாயா? சொல்கிறேன், பொறு.

பாடையைத் தூக்கியவர்கள் நால்வரும் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட்டுக்காரர்கள். நாடகமோ அரைமணி தாமதம். தோளில் நான் ஏறியதும், இரண்டு மணிச் சங்கு ஊதியது.

"யோவ் கன்னியப்பா, கேட்ட மூடிருவான், வாய்யா!"

"ராசாவ இன்னா பண்றது?"

"அவன் செத்துட்டான், அவனுக்கு லீவு. நமக்கு லீவு கீதா?"

இறக்கினார்கள். சைக்கிளில் பறந்தார்கள். திரையோ பாதியில் சிக்கிக்கொண்டது. நாதியற்றுக் கிடந்த மன்னன் எழுந்தான்; கட்டிய காலோடு தத்தித் தத்தி, தன் பாடையைத் தானே இழுத்துக்கொண்டு வெளியேறினான். கூடியிருந்தோர் கைதட்டினார்கள். மரணத்தை வென்ற மன்னன் வேறு யார்?

"யம்மான்னு கத்துனது யாருடா?"

இந்தக் கேள்வி பாஸ்கலுடையது அல்ல. மூன்றாம் வரிசையில் இருக்கும் அம்மாவிடமிருந்து வருகிறது. அதற்கு மட்டும் பொய் சொல்ல முடியாது.

நான்தான். மேடையில் தனியே, விரல் கட்டிய நிலையில் கிடந்தபோது, மெய்யாகவே செத்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். 'யம்மா, வந்து அவுத்து வுடும்மா' என்று அழுதேன். பாடையை இழுத்தது நானில்லை, அம்மாதான். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, தலைவர் அவர்களே, இந்த ஆண்டு பாஸ்கலே சாகட்டும். எனக்குப் பாடை தூக்கும் வேடம் போதும். எனக்கு ஷிப்ட் கிடையாது, நடுவில் விட்டுவிட்டு ஓடமாட்டேன். கேட்டுச் சிரித்த உங்களுக்கும், கட்டவிழ்த்த கைகளுக்கும் நன்றி, வணக்கம்.