ஒன்றரைச் சுற்று

கை கழுவ விட்டதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. கிரீஸ் கையோடு பெரிய மனிதர்களிடம் பேச எனக்குப் பிடிக்காது. சமஸ்தானம் முழுக்கத் தேடினாலும் நகத்தில் அழுக்கில்லாத சைக்கிள் கடைக்காரன் இந்த ரத்தினவேல் ஒருவன்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் மனைவி சொர்ணவல்லிக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். முப்பத்து மூன்றாம் வருடம், கல்யாணமான புதிதில், விளையாட்டாக. பொம்பளைக்கு எதற்கு இந்தக் கூத்து என்று ஊர் சிரித்தது. ஐந்தே வருடத்தில் அதே ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. விராலிமலையில் மூன்று நாள் இறங்காமல் வட்டமடித்தாள். திருச்சி மைதானப் பந்தயத்தில் ஆண்களைப் பின்னால் விட்டாள். பந்தயமே அவள் தொழிலாகிவிட்டது. வண்டியை ஓட்டியது அவள், ஓட வைத்தது நான். நோட்டீஸில் என் பெயர் வராது. அதையெல்லாம் பெரிதுபடுத்துகிற ஆள் நானில்லை.

பிறகு சென்னைச் சைக்கிள் கம்பெனி ஒன்றிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களுக்காகப் பந்தயம் ஓட்ட ஒரு வருட ஒப்பந்தம். பெங்களூர், பம்பாய், கொழும்பு. வண்டி அவர்களுடையது. மெக்கானிக்கும் அவர்கள் ஆள்.

"மூணு மாசம் போகட்டுங்க. அங்கிட்டு நெலவரம் பாத்துட்டு ஒங்களையும் கூப்பிட்டுக்கிறேன்," என்றாள்.

கூப்பிட்டுக்கொள்வாளாம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கத்தவில்லை. அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் இங்கே ஒரு பந்தயம் பாக்கி இருந்தது, புதுக்கோட்டையிலிருந்து விராலிமலை வரை. அன்னவாசல் தாண்டி ஒரு கண்மாய்க்கரை இறக்கம், இறங்கியதும் வளைவு. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவள் வண்டியை எடுத்துக்கொண்டு நானே அங்கே போனேன். ஹேண்டில் பாரை உள்ளே பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு போல்ட். முக்கால் சுற்றுத் தளர்த்தினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினால் நேர்ச் சாலையில் லேசாக ஆடுவதோடு சரி. வளைவில் மட்டும் ஹேண்டில் பார் திரும்பும், சக்கரம் திரும்பாது. மெதுவாகப் போனதால் எனக்கு முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. அவள் என்னைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் வருவாள். அதையும் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் மஞ்சள் பற்றுப் போட்டாள். "பாத்துப் போகக் கூடாதாங்க?" என்று கடிந்துகொண்டாள். நல்ல மனசு அவளுக்கு.

பந்தயத்தன்று வழக்கம்போல வண்டிக்குப் பூசை. எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விபூதி பூசி எலுமிச்சம்பழம் கட்டிய வண்டியில் பந்தயம் முடியும்வரை யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால் சாமி குத்தம். அதனால் பூசைக்குச் சற்று முன்பாகவே தளர்த்திவிட்டேன். ஏறி உட்கார்ந்ததுமே கண்டுகொண்டாள்.

"ஏங்க, ஹேண்டில் ஆடுறாப்ல இருக்கே. ஒரு முறுக்கு முறுக்குங்களேன்."

"பூசை போட்டாச்சு சொர்ணம், இனிமே தொடக் கூடாது. ஒனக்குப் பயம், அதான் அப்படித் தெரியுது."

சரி என்று போய்விட்டாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை, அன்று ஒருமுறை தவிர. அன்னவாசலில் இறங்கி, ஷேக் பரீதுவின் சைக்கிள் கடையில் ஸ்பேனர் வாங்கி, வெளியே தெரிந்த நட்டை முறுக்கியிருக்கிறாள். அது வேறு நட்டு. ஸ்பேனரைத் தொடவே நான் விட்டதில்லை, எது எதைப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கண்மாய் வளைவில் விழுந்து கிடந்த வண்டியைப் பார்த்து, கோளாறு உள் போல்ட்டில்தான் என்று பரீது பாய் சொன்னதால் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, தொழில் தெரிந்தவர்.

அவளுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு நானே கடிதம் எழுதிப் போட்டேன்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பூசை போட்ட வண்டியில் ஸ்பேனர் வைத்ததால் சாமி தள்ளிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். "ஒங்க பேச்சை மீறிட்டேங்க, என்னைய மன்னிச்சிருங்க," என்று தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

நானும் மனதார மன்னித்துவிட்டேன், ஐயா.