விசில் சத்தம் கேட்டா உட்கார்ந்துடுவா

என்ன அண்ணி, நின்னுக்கிட்டே இருக்கீங்க, உட்கார மாட்டீங்களா? அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமா தள்ளிப் போட்டுக்கங்க. சரி, நீங்க பேச வேண்டாம், நானே பேசுறேன். நான் வாயாடின்னு தெரிஞ்சும் வார்டர் அக்கா இருபது நிமிஷம் குடுத்திருக்காங்க.

உங்க பின்னாடி, ஆபீஸ் கதவுக்கிட்ட நிக்கிறாளே, அவதான் என் பொண்ணு. அங்க நாம பேசுறது கேக்காது. அந்தக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளினா திறந்துக்கும். தள்ள மாட்டா. யாராவது சாவியோட வரட்டும்னு நிப்பா. ஜெயில்லயே பொறந்தவ, கதவை நாமளே திறக்கலாம்னு அவளுக்கு யாரு சொன்னா? ரெண்டு நாள்ல கத்துக்குவா, கெட்டிக்காரி.

அப்புறம் இந்த விசில். சாயங்காலம் விசில் ஊதினா நாங்க ரெண்டு ரெண்டு பேரா குந்தணும், எண்ணுவாங்க. பிள்ளைங்க கணக்குல கிடையாது. இவ சும்மா இருப்பாளா? என் பக்கத்துல குந்திக்கிட்டு நாப்பத்தி மூணுன்னு கத்துவா. புதுசா வந்த வார்டர் ஒருத்தி அதையும் எழுதிக்கிட்டா. ஜெயில்ல ஒரு ஆள் கூடுதல்! கேட்டிருக்கீங்களா எங்கயாவது? மூணு தடவை எண்ணினாங்க, நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஆனா வெளிய போலீஸ்காரர் விசில் ஊதினா நடுரோட்டுல குந்திடுவா அண்ணி. கையை விட்டுடாதீங்க.

சாப்பாட்டுக்கு அடம் பிடிக்க மாட்டா. நாயைப் படத்துல மட்டும்தான் பார்த்திருக்கா, அலறுவா.

அவளைக் கூட்டிட்டுப் போற பேப்பர்ல நீங்க இன்னும் கையெழுத்துப் போடலையாமே? புதன்கிழமையோட ஆறு வயசு முடியுது. அதுக்கு மேல எங்கூட வச்சுக்க விட மாட்டாங்க. நீங்க வேண்டாம்னா ஏதோ விடுதிக்காம். எதுன்னு எங்கிட்ட சொல்லக்கூட மாட்டாங்களாம்.

திரும்பித் திரும்பி அவளையே பார்க்கிறீங்க. தெரியும் அண்ணி. உங்க தம்பியை அப்படியே உரிச்சு வச்சிருக்கா, புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறது உட்பட. நான் அவரைக் கொன்ன அன்னைக்கு இவ வயித்துல ரெண்டு மாசம். எனக்கே தெரியாது.

எழுந்துட்டீங்களா? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே.

கூட்டிட்டுப் போனீங்கன்னா திட்டுங்க, அடிங்க, வீட்டு வேலை வாங்குங்க. நான் வந்து கேக்கவா போறேன். ஆனா எவ்வளவு கோவம் வந்தாலும், அப்படியே உங்கம்மா மாதிரி இருக்கியேடின்னு மட்டும் ஒரு நாளும் சொல்லிடாதீங்க அண்ணி.