ஞாயிற்றுக்கிழமை ஜோடி

— உள்ளே வா, தன்யா. அடுத்த பாட்டு போட்டாச்சு.

— நான் வரலை, ஸ்ரீ. இனிமே உன்கூட ஆடலை.

— ஏன்? காலை மிதிச்சுட்டேனா? சாரமில்லை, அது பரவாயில்லை, ஷூவைக் கழட்டிடறேன்.

— ஷூவிலே ஒண்ணும் இல்லை. நீ தண்ணி குடிக்கப் போனப்போ விக்கி கூப்பிட்டான். ஒரு பாட்டு ஆடினேன். பார்த்தியா?

— பார்த்தேன். நன்னா ஆடறான்.

— அவன் ஆடினது இருக்கட்டும். நான் ஆடினேன், ஸ்ரீ! சுத்தறதுக்கு முன்னாடியே அவன் கை சொல்லிடறது. நான் எதையும் யோசிக்கவே வேண்டாம். என்னை அறியாம சிரிச்சுட்டேன்.

— எங்கூட ஆடறச்சே சிரிப்பு வராதா?

— எங்கேர்ந்து வரும்? சல்சான்னா ஆண்பிள்ளை கையாலே சொல்லணும், பொண்ணு கேட்டு ஆடணும். நம்ம கதை தலைகீழாக்கும். நான் தோளை அமுக்கினா நீ நகருவே, விரலைக் கிள்ளினா என்னைச் சுத்த விடுவே. பார்க்கறவாளுக்கு நீ ஆட்டி வைக்கறாப்பல இருக்கும். திங்கக்கிழமை முதுகு வலிக்கறது எனக்கு.

— சாரமில்லை தன்யா, கத்துக்கறேன்.

— வருஷமாச்சு! நமக்குப் பின்னாடி சேர்ந்த சுள்ளிக்கல்லேர்ந்து வர மாரிச்செல்வம்கூட, புதுசா வரவாளுக்குக் கையிலே கட்டற மஞ்சள் ரிப்பனைக் கழட்டிட்டார். நீ மட்டும் இன்னும் புதுசுக்காரன். பாட்டுக்குப் பாட்டு எல்லாரும் ஜோடி மாத்திக்கறா. புதுசுக்காரன்னா கூட வந்தவளோடயே நிக்கலாம்னு இந்த ஹாலிலே ஒரு சட்டம். அதனாலே நானும் மாட்டிண்டேன்.

— இன்னும் கொஞ்ச நாள்...

— மதி, ஸ்ரீ. போறும்! அடுத்த வாரம் நான் தனியா வரேன். எல்லாரோடயும் ஆடறேன். வாரம் பூரா உழைக்கறேன், எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு சாயங்காலம்தான்.

— எனக்கும் அதுதான் இருக்கு.

— உனக்கென்ன?

— நான் பிராட்வேலே கடையைப் பூட்டிட்டு மட்டாஞ்சேரி வந்து சேரறச்சே நீ தூங்கியாச்சு. நான் எழுந்திருக்கறச்சே நீ பஸ் ஏறியாச்சு. கட்டின பொண்டாட்டி, ஆத்திலே என் கையைப் பிடிச்சு எவ்வளவு காலமாச்சு? இங்கே வந்தாத்தான் பிடிக்கறே.

— அதுக்கு?

— நமக்கு ஆடச் சொல்லித்தர ஷபானா மேடம் எப்பவோ ரிப்பனைக் கழட்டச் சொல்லிட்டா. நான்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கட்டிண்டிருக்கேன். கழட்டினா அடுத்த பாட்டுக்கே நீ வேற யார்கிட்டயோ போயிடுவே.

— இரு. உனக்கு ஆடத் தெரியுமா?

— தெரியும்.

— நன்னாவா?

— விக்கி அளவுக்கு வரும். நீ வராத ஞாயிறெல்லாம் மேடத்தோட ஆடுவேன்.

— அப்போ மிதிச்சதெல்லாம்?

— கால் தப்பினா நீ இறுக்கிப் பிடிச்சுப்பே. அதுக்குத்தான்.

— ஈஸ்வரா!

— அழாதே, தன்யா. எனக்குப் பயம். நீ போயிடுவேன்னு பயம். வேற ஒண்ணும் இல்லை.

— உன் கையைப் பிடிச்சுண்டு இத்தனை நாளும் நான் தனியா ஆடியிருக்கேன். ஒரே ஒரு பாட்டாவது எங்கூட ஆடியிருக்கலாமே, ஸ்ரீ.