பல்லிக்கு என்று வாங்கிய இரண்டாவது விளக்கு

பல்லி வளர்ப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, பளிச்சென்று எரியும் எந்த விளக்கும் போதும் என்று நினைப்பது. போதாது, ஐயா. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருக்கிறது. புற ஊதா என்பார்கள். அது மேலே படாவிட்டால் பல்லியின் எலும்பு மெழுகாய் இளகிவிடும்.

இந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தட்டுமா? திறந்திருந்தால் எனக்குப் பேச்சு வராது.

என் பல்லிக்குச் சரியான விளக்குதான் வாங்கினேன். அது நன்றாக இருக்கிறது. இரண்டாவது விளக்குக்குப் போனபோது, தொட்டி எவ்வளவு நீளம் என்று கடைக்காரர் கேட்டார். ஓர் ஆள் படுக்கும் அளவு என்றேன்.

"பல்லிதான வளக்குறீங்க தம்பி? முதலை ஒண்ணும் இல்லையே?"

நானும் சிரித்தேன். பணத்தை எடுத்து நீட்டினேன்.

"கண்ணாடிக்குப் பின்னால மட்டும் மாட்டிடாதீங்க. வெளிச்சம் வரும், கதிர் வராது. அப்புறம் கால் வளைஞ்சு ஒரே இடத்துல கெடக்கும்."

நான் பயந்த சுபாவக்காரன். மருந்து வாங்கத் தெருவைக் கடந்த அம்மா வீடு திரும்பவில்லை. மிஞ்சியது தங்கை ஒருத்தி. வேறு ஊரில் வேலை கிடைத்ததென்று அவள் பெட்டி கட்டிய இரவு நான் தூங்கவில்லை. விடிவதற்குள், அவள் தூங்கிக்கொண்டிருந்த பின்னறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்தேன். பிறகு ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். அவள் கட்டிய பெட்டியை நான் எடுக்கவில்லை. அது அவளோடுதான் இருந்தது.

முதலில் கத்தினாள். அப்புறம் கெஞ்சினாள். அடுத்த வருடம் வெளிறிப்போய், எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டாள். வெயில் இல்லாத குறை என்று எனக்கு உடனே புரிந்தது. அதற்குத்தான் அந்த இரண்டாவது விளக்கு.

மாட்டும்போது அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பல்லியாவது வாலை அறுத்துப் போட்டுட்டு ஓடிடும்ணா. நான் எதை அறுக்கட்டும்?"

அவளுக்கு எப்போதும் வேடிக்கைப் பேச்சு. ஆனால் எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. விளக்கை உடைத்து, அந்தச் சில்லால் ஏதாவது செய்துகொண்டால்? அன்றே விளக்குக்குக் கீழே தடித்த கண்ணாடி ஒன்றைப் பொருத்தினேன். கடைக்காரர் சொன்னது நினைவிருந்தது. இரண்டு பயங்களில் பெரியது எதுவோ அதற்குக் கட்டுப்பட்டேன்.

வருடங்கள் போயின. கதவைத் தட்டும் சத்தம் நின்றது. கடைசி மாதங்களில் நான் தாழ்ப்பாளே போடவில்லை. அவள் வெளியே வரவில்லை. வேலையிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பேன். அதே கட்டிலில், விளக்கைப் பார்த்தபடி இருப்பாள். என் பயமெல்லாம் மெல்லத் தெளிந்தது.

நீங்கள் வந்த அன்றும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போனது உங்கள் ஆட்கள்தான், ஐயா. அவளாக ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.